கத்திரி வெயிலில் மாடிப் பேனல் ஏன் குறைவாகத் தருகிறது?

பென்னாகரத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பென்னாகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், எங்கள் தார்சு வீட்டு மொட்டை மாடியில் சென்ற ஐப்பசியில் 3 கிலோவாட் அளவுக்கு ஒன்பது சோலார் பேனல்களைப் பொருத்தினோம். அவை தெற்கு நோக்கி, ஏறத்தாழ 12 பாகை சாய்வில் இருக்கின்றன. இன்வெர்ட்டரில் தெரியும் எண்களை அன்றாடம் மகளின் பழைய கணக்கு நோட்டில் குறித்து வருகிறேன். அந்த நோட்டுதான் இப்போது என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி நடுவில், அதாவது மாசி பிறந்த வேளையில், நாளொன்றுக்குச் சராசரியாக 14 யூனிட் கிடைத்தது. நண்பகலில் 2,450 வாட் வரை ஏறியது. இப்போது வைகாசி பிறந்து பத்து நாள் ஆகிறது. கத்திரி இன்னும் கழியவில்லை, மாடித் தரையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை, காலையில் பிழிந்த வடகம் மாலைக்குள் கலகலவென்று காய்ந்துவிடுகிறது. ஆனால் இன்வெர்ட்டர் நண்பகலில் 2,150 வாட்டைத் தாண்ட மறுக்கிறது. நாள் கணக்கும் 11.5 யூனிட்டோடு நின்றுவிடுகிறது. பொருத்திக் கொடுத்தவரைக் கேட்டால், "கோடையில் அப்படித்தான் இருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளோ, பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரியில்தான், ஆகவே மாசியில் அதிகம் வந்ததில் வியப்பில்லை என்கிறாள். அவள் சொல்வதில் உண்மை உண்டா? சூரியனிலிருந்து புறப்படும் ஆற்றல் என் மாடிக்கு வந்து சேர்வதற்குள் எவையெவை அதைக் குறைக்கின்றன என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓசூர் மின்பணி

அண்ணா, ஓசூர், சூளகிரி பக்கம் எட்டு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். உங்கள் குறைக்குக் காரணம் சூடுதான். பேனலுக்கு வேண்டியது ஒளி. சூடு அதற்குப் பகை. பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள வாட் கணக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழும்போது சிலிக்கான் செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருந்தால் கிடைக்கும் கணக்கு ஆகும். நம் ஊரில் நண்பகலில் செல் 25 டிகிரியில் இருக்கும் நாள் ஆண்டில் ஒன்றுகூடக் கிடையாது. காற்றின் வெப்பத்தைவிட 25 முதல் 30 டிகிரி வரை செல் கூடுதலாகச் சூடேறும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் மின்சாரம் குறையும். காற்று 38 டிகிரி என்றால் செல் 65 டிகிரியைத் தொடும், அதில் மட்டும் 16 சதவீதம் போய்விடுகிறது.

பேனலைக் கழுவிவிட்டீர்களா என்றும் பாருங்கள். கோடைமழை இரண்டு தூறலோடு நின்றுவிட்டால், ஏற்கெனவே படிந்திருந்த புழுதி சேறாகிக் கீழ்விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். கல் குவாரி இருக்கும் பக்கங்களில் வாரம் ஒருமுறை கழுவினாலும் போதாது.

கிருஷ்ணகிரி ஓய்வாசிரியர்

ஓசூர்த் தம்பி சொன்ன கணக்கு சரியே. ஆனால் அது எதற்கு விடை என்பதைக் கவனிக்க வேண்டும். 16 சதவீத இழப்பு 25 டிகிரியோடு ஒப்பிடும்போது வருவது. பென்னாகரத்து நண்பர் வைகாசியை மாசியோடு அல்லவா ஒப்பிடுகிறார்? மாசியிலும் நண்பகலில் காற்று 31 டிகிரியை எட்டியிருக்கும், செல்லும் சூடாகத்தான் இருந்திருக்கும். இரண்டு மாதங்களுக்கும் இடையே உள்ள ஏழு டிகிரி வேறுபாடு 3 சதவீதத்துக்குத்தான் கணக்குச் சொல்லும். 2,450 வாட் 2,150 ஆகிவிட்டது என்றால் குறைவு 12 சதவீதம். மிச்சத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

முதலில் குழந்தையின் கேள்வியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் நாங்களே இதைச் சற்று அவசரமாகக் கடந்துவிடுவோம். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து ஏறத்தாழ 14.71 கோடி கிலோமீட்டர் தொலைவிலும், ஜூலைத் தொடக்கத்தில் 15.21 கோடி கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கிறது. தொலைவு கூடினால் ஒளி அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஆகவே வளிமண்டலத்தின் உச்சியில் வந்து சேரும் ஆற்றல், ஜூலையைவிட ஜனவரியில் ஏறத்தாழ 7 சதவீதம் அதிகம். ஆண்டுச் சராசரியாக அங்கே ஒரு சதுர மீட்டருக்கு 1,361 வாட் கிடைக்கிறது. சூரியனே பதினோரு ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகிறது என்பது உண்மைதான், ஆனால் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் நோட்டில் தெரியாது. பிப்ரவரி நடுவையும் மே இறுதியையும் மட்டும் ஒப்பிட்டால் தொலைவினால் வரும் வேறுபாடு 5 சதவீதம். பருவங்கள் மாறுவதற்குத் தொலைவு காரணமில்லை என்று பாடத்தில் படித்துவிட்டு, தொலைவுக்கு வேலையே இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். குழந்தை அப்படி முடிவு கட்டவில்லை, அவளிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள்.

அடுத்தது சாய்வு. உங்கள் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் இருக்கிறது. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே ஆண்டுக்கு இருமுறை வருகிறது: தருமபுரியில் ஏப்ரல் 22 வாக்கில் ஒருமுறை, ஆகஸ்ட் 21 வாக்கில் மறுமுறை. அந்த நாள்களில் நண்பகலில் கொடிக்கம்பத்துக்கு நிழல் விழாது. இந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்கள் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. உங்கள் பேனலோ தெற்கே 12 பாகை சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. இப்போது நண்பகல் கதிர், பேனலின் செங்குத்திலிருந்து 21 பாகை விலகி விழுகிறது. மாசியில் அந்த விலகல் 13 பாகைதான். இரண்டு கோணங்களின் கோசைன் மதிப்புகளையும் ஒப்பிட்டால் இன்னொரு 4 சதவீதம் போகிறது.

2,450ஐ முதலில் தொலைவுக்காக 5 சதவீதம், பிறகு சாய்வுக்காக 4, பிறகு சூட்டுக்காக 3 என்று குறைத்தால் ஏறத்தாழ 2,170 வருகிறது. சூரியன் உச்சிக்கு அருகில் இருப்பதால் கதிர் கடக்கும் காற்றின் தடிமன் இப்போது சற்றுக் குறைவு. அது ஒரு சதவீதத்தைத் திருப்பித் தந்தால் 2,190. உங்கள் நண்பகல் கணக்கில் பெரும் புதிர் எதுவும் இல்லை. நாள் கணக்கில்தான் இன்னும் ஏதோ இருக்கிறது: 14 யூனிட் 11.5 ஆவது 18 சதவீதக் குறைவு, அது இந்த மூன்றிலும் அடங்காது.

பாலக்கோட்டு உழவன்

ஐயா, எனக்கு ஒரு குழப்பம். மாசியைவிட வைகாசியில் குறைவான ஆற்றல்தான் வந்து சேருகிறது என்றால், தரை மட்டும் ஏன் இப்படிக் கொதிக்கிறது? என் தக்காளிச் செடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறதே, அதற்கு நான் எந்தக் கணக்கைச் சொல்வது?

கிருஷ்ணகிரி ஓய்வாசிரியர்

நல்ல கேள்வி. நான் சொன்னது பேனலின் கணக்கு. உங்கள் வயலின் கணக்கு வேறு. வயல் தெற்கே சாய்ந்து கிடக்கவில்லை, வானத்தை நேராகப் பார்த்துக் கிடக்கிறது. மாசியில் நண்பகல் கதிர் வயலின் மீது 25 பாகை சரிந்து விழுந்தது. இப்போது 9 பாகைதான் சரிவு. பகல்பொழுதும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீண்டிருக்கிறது. இவ்விரண்டையும் தொலைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், வளிமண்டல உச்சியில் தரைக்கு இணையாக ஒரு பலகையை விரித்து வைத்தால் அதன் மீது ஒரு நாளில் விழும் ஆற்றல், பிப்ரவரி நடுவைவிட மே இறுதியில் 11 சதவீதத்துக்கு மேல் அதிகம். அதே சூரியனிடமிருந்து, அதே நாளில், மாடித் தரை கூடுதலாகவும் அதன் மீது நிற்கும் பேனல் குறைவாகவும் பெறுகின்றன.

நீண்ட பகலின் அந்தக் கூடுதல் நேரமும் பேனலுக்குப் பெரிதாக உதவுவதில்லை. அட்சரேகைக்குச் சமமான சாய்வில் தெற்கு நோக்கி வைத்த பேனலின் முகத்தில் நேரடிக் கதிர் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் விழ முடியாது. வைகாசி, ஆனி மாதங்களில் விடியலின் முதல் இருபது நிமிடமும் அந்தியின் கடைசி இருபது நிமிடமும் சூரியன் பேனலின் முதுகுப் பக்கம் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. தரையின் சூடு அன்றைய வரவை மட்டும் பொறுத்ததன்று. பங்குனியிலிருந்து சேர்ந்துகொண்டே வந்த சூடு அது. மண்ணில் ஈரம் இருந்தால் வந்த ஆற்றலில் ஒரு பகுதி அதை ஆவியாக்குவதில் செலவாகியிருக்கும், ஈரம் வற்றிவிட்டதால் முழுவதும் மண்ணையும் காற்றையும் சூடேற்றுகிறது.

வத்தல்மலை வானம்

இதுவரை பேசியதெல்லாம் வெட்டவெளிக் கணக்கு. உச்சியில் 1,361 வாட்டாக இருப்பது, மேகமில்லாத நாளின் நண்பகலில் தரைக்கு ஏறத்தாழ 1,000 வாட்டாக வந்து சேருகிறது; நடுவில் நிற்பது காற்று. வானிலையில் ஆர்வம் கொண்டவன் என்ற முறையில் அந்த நடுவழியைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பு ஒளியைவிட ஐந்தாறு மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. அப்படிச் சிதறியதில் ஒரு பகுதி விண்வெளிக்கே திரும்பிவிடுகிறது, மறுபகுதி வானம் முழுவதிலுமிருந்து நீல வெளிச்சமாக நம் மீது இறங்குகிறது. ஆகவே தரைக்கு வருவது இரண்டு வகை ஒளி: சூரியத் தட்டிலிருந்து நேராக வருவது ஒன்று, வானத்தில் சிதறிப் பரவலாக வருவது மற்றொன்று. ஓசோன் தீங்கு மிகுந்த புறஊதாக் கதிர்களின் பெரும்பகுதியை உறிஞ்சுகிறது. நீராவி அகச்சிவப்புப் பகுதியில் பல பட்டைகளை உறிஞ்சுகிறது. வைகாசிக் காற்றில் மாசியைவிட ஈரம் அதிகம், ஆனால் நீராவி விழுங்கும் அகச்சிவப்பின் பெரும்பகுதியைச் சிலிக்கான் எப்படியும் மின்சாரமாக மாற்றாது என்பதால், பேனலுக்கு அதனால் வரும் இழப்பு தரைக்கு வருவதைவிடக் குறைவு.

தூசியும் புகையும் அப்படியல்ல. இவை கண்ணுக்குத் தெரியும் ஒளியையே தாக்குகின்றன. தருமபுரி சமவெளியிலிருந்து வத்தல்மலையைப் பார்த்தால், ஐப்பசி மழை கழுவிவிட்ட மறுநாள் மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரியும். கோடையிலோ அதே மலை ஒரு சாம்பல் நிறக் கோடாக மங்கிக் கிடக்கும். மலையை உங்கள் கண்ணிலிருந்து மறைக்கும் அதே படலம்தான் சூரியனையும் பேனலிடமிருந்து சிறிது மறைக்கிறது. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தபோது, அடுக்கு மண்டலம் வரை சென்ற கந்தகத் துகள்கள் நேரடி ஒளியைக் குறைத்ததால், அடுத்த ஆண்டு உலகின் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ அரை டிகிரி தாழ்ந்தது.

இவை எல்லாவற்றையும் விட வலியது மேகம். அடர்ந்த மழைமேகம் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கைக்கூட மறைத்துவிடும். மெல்லிய வெண்பஞ்சு மேகமோ பெரும்பகுதியை விட்டுவிடும். உலகம் முழுமைக்கும் சராசரி எடுத்தால், வரும் ஆற்றலில் 30 சதவீதம் மேகம், காற்று, தரை ஆகியவற்றால் பிரதிபலிக்கப்பட்டுத் திரும்புகிறது, 23 சதவீதத்தை வளிமண்டலம் வைத்துக்கொள்கிறது, பாதிக்குச் சற்றுக் குறைவானதுதான் நிலத்தையும் கடலையும் சூடாக்குகிறது. பென்னாகரத்து நண்பரின் நாள் கணக்கில் விழுந்த துண்டுக்கு முதல் சந்தேகம் மேகத்தின் மீதுதான். இந்த மாதத்தில் காலையெல்லாம் தெளிவாக இருந்துவிட்டு, இரண்டு மணிக்கு மேல் மேகம் திரள்வது நம் பகுதியின் வழக்கம். மணிவாரியாகக் குறித்துப் பாருங்கள்.

இந்த அளவுகள் நமக்குத் தானாகக் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல ஆசை. 1957இல் சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி இந்திய வானிலை ஆய்வுத் துறை கதிர்வீச்சு அளக்கும் நிலையங்களை அமைத்தபோது அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த அன்னா மணி. இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளை அவர் 1980இல் கையேடாக வெளியிட்டார். 2011 முதல் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனமும் நாடெங்கும் இத்தகைய நிலையங்களை நிறுவியிருக்கிறது.

ஓசூர் மின்பணி

ஆசிரியர் ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நான் ஆண்டு முழுவதற்குமான இழப்பைச் சொல்லிவிட்டேன். ஓர் ஐயம்: ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி 470 மீட்டரை ஒட்டித்தான். எங்கள் தலைக்கு மேல் காற்று குறைவு என்பதால் ஒளி கூடுதலாகக் கிடைக்க வேண்டும் அல்லவா? ஆனால் ஆடியில் எங்கள் ஊர் வாடிக்கையாளர்கள்தான் அதிகமாகத் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள்.

வத்தல்மலை வானம்

கிடைக்க வேண்டும், கிடைக்கவும் செய்கிறது. உங்கள் ஊருக்கு மேல் உள்ள காற்று தருமபுரியைவிட ஏறத்தாழ 5 சதவீதம் குறைவு. தெளிந்த நாளில் அதனால் வரும் லாபம் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். குளிர்ந்த காற்றினால் செல் சூடேறாமல் இருப்பது அதைவிடப் பெரிய லாபம். ஆனால் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்றோடு மந்தாரம் வந்து உட்கார்ந்துவிட்டால், இரண்டு லாபத்தையும் ஒரே நாளில் அது விழுங்கிவிடும்.

பென்னாகரத்தான்

அனைவருக்கும் நன்றி. சொன்னபடியே ஐந்து நாள்களாக மணிவாரியாகக் குறித்தேன்.

முதல் நாள் பேனல்களைக் கழுவினேன். மறுநாள் நண்பகலில் 2,190 வாட் காட்டியது. ஆசிரியர் ஐயா போட்ட கணக்கிலேயே வந்து நின்றதைப் பார்த்து என் மகள் கைதட்டினாள். ஐந்தில் மூன்று நாள் பிற்பகலில் மேகம் திரண்டது. அந்த நாள்களில் மூன்று மணிக்கு மேல் கிடைத்தது மிகச் சொற்பம். ஆனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. மூன்றாம் நாள் மேகம் சிதறிக்கொண்டிருந்தபோது, சூரியன் ஒரு வெள்ளை மேகத்தின் ஓரத்திலிருந்து வெளிப்பட்ட அந்த அரை நிமிடம் இன்வெர்ட்டர் 2,600ஐத் தொட்டு இறங்கியது. ஐப்பசியிலும் இப்படி ஒருமுறை கண்டு, கருவி பழுது என்று நினைத்தேன்.

எனக்குப் புரியாமல் இருப்பது காலைதான். மேகம் துளியும் இல்லாத நாளிலும் காலை எட்டு மணிக்கு மாசியில் வந்ததில் பாதிகூட வரவில்லை. எட்டரைக்கு மேல் திடீரென்று ஏறி, ஒன்பது மணிக்குச் சரியாகிவிடுகிறது.

வத்தல்மலை வானம்

கருவி பழுதன்று. சூரியன் மறைக்கப்படாமல் இருந்து, அதைச் சுற்றி வெண்மேகங்கள் நின்றால், நேரடி ஒளியோடு மேகத்தின் விளிம்புகள் சிதறடிக்கும் ஒளியும் சேர்ந்து, தெளிந்த வானத்தைவிடக் கூடுதலாகச் சில நொடிகள் கிடைக்கும். சற்று முன்பு வரை நிழலில் இருந்த பேனல் குளிர்ந்திருப்பதும் அதற்குத் துணை. காலைக் கணக்குக்கு வானம் காரணமில்லை. எட்டு மணிக்கு மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி ஓய்வாசிரியர்

போகும்போது வடகிழக்கைப் பாருங்கள். மாசியில் சூரியன் நேர் கிழக்குக்குத் தெற்கே 13 பாகை தள்ளி உதித்தது. இப்போது நேர் கிழக்குக்கு வடக்கே 21 பாகை தள்ளி உதிக்கிறது. எட்டு மணிக்கு அது அடிவானத்திலிருந்து 29 பாகை உயரத்தில்தான் இருக்கும், அப்போதும் அதே வடகிழக்குப் பக்கமே நிற்கும்.

பென்னாகரத்தான்

ஐயா, இன்று காலை போய்ப் பார்த்தேன். வடகிழக்கில் எங்கள் பங்காளியின் களத்து மேட்டில் ஒரு பழைய புளியமரம் நிற்கிறது. எட்டு மணிக்கு அதன் நிழல் ஒன்பது பேனல்களில் மூன்றின் மீது கிடந்தது. எட்டரைக்கு ஒரு பேனலின் மூலையில் ஒரு கிளையின் நிழல் மட்டும் மிஞ்சியது. எட்டே முக்காலுக்கு அதுவும் போய்விட்டது. பேனல் பொருத்தும் முன் பார்க்க வந்தவர்கள், தெற்கே மறைப்பு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுத் திருப்தியோடு போனார்கள். வடக்குப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நானும்தான் பார்க்கவில்லை.

ஓசூர் மின்பணி

அண்ணா, ஒன்பது பேனல்களையும் ஒரே தொடராக இணைத்திருப்பார்கள், ஆகவே மூன்றின் மீது விழும் நிழல் மற்ற ஆறையும் சேர்த்து இழுக்கும். நிழல் விழுந்த பகுதியைத் தவிர்த்து மின்சாரத்தை மாற்றுவழியில் விடும் பைபாஸ் டையோடுகள் பேனலுக்குள் இருக்கும், அவை ஓரளவு காப்பாற்றுமே தவிர முழுவதும் காப்பாற்றாது. மாடியின் தென்மேற்கு மூலையில் இடம் இருந்தால் அந்த மூன்றை மட்டும் அங்கே நகர்த்திவிடலாம். சட்டமும் கொஞ்சம் கேபிளும்தான் செலவு. மரத்தின் மீது கை வைக்க வேண்டாம்.

பென்னாகரத்தான்

தென்மேற்கு மூலையில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது தம்பி. அதன் நிழல் மார்கழியில் எங்கே விழும் என்பதை மகள் இப்போது நோட்டில் வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் முடித்த பிறகு சட்டத்தைக் கழற்றுகிறோம்.